முகம் தேடும் பாத்திரம்

நுழையும்முன்

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, "இந்த வேடத்தை அவரைத் தவிர வேறு யார் செய்திருக்க முடியும்?" என்று வியக்கிறோம். ஒரு பாத்திரத்திற்கு ஒரு முகம் எவ்வாறு அமைந்தது, அந்த முகம் அமைந்ததால் கதையின் பொருள் எவ்வாறு திரும்பியது என்று எண்ணுவதில்லை. கடந்த காலத்தைக் களமாகக் கொண்ட குற்றவுலகக் கதைகளில் நடிகர் தேர்வும் பாத்திரப் படைப்பும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதைக் காண்போம்.

விழிதியூரில் ஓர் ஒத்திகை

காரைக்கால் பகுதியில் உள்ள விழிதியூரில், சில ஆண்டுகளுக்கு முன், உங்கள் வயதுடைய மாணவர் சிலர் பொங்கல் விழாவில் நடிப்பதற்காக நாடகம் ஒன்று எழுதினர். கதை நிகழும் காலம் 1950களின் தொடக்கம். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாளன்றுதான் அதன் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. சுற்றிலும் தஞ்சை மாவட்டம், நடுவில் வேற்று நாடு, இடையில் சுங்க எல்லை. எல்லை என்று ஒன்று இருந்தால் அதை இரவில் கடப்போரும் இருப்பர். அப்படிப் பொருள் கடத்திய கும்பல் ஒன்றின் தலைவனே மாணவர்தம் நாடகத்தின் நாயகன். அவன் பணக்காரரை ஏய்ப்பான், ஏழைக்குக் கொடுப்பான், இறுதியில் காவலர் குண்டுக்கு இரையாவான்.

தலைவனாக நடிப்பவரைத் தெரிவுசெய்ய அவர்களுக்கு இரண்டு நிமிடங்கள்கூடத் தேவைப்படவில்லை. கபடிக் குழுவில் நெட்டையாகவும் தடித்த குரலோடும் ஒரு மாணவர் இருந்தார், மீசையும் அரும்பியிருந்தது. அவரே தலைவன் என்றாயிற்று. ஒத்திகையைக் காண என்னை அழைத்தனர். அவர் கண்ணை உருட்டினார், தொடையைத் தட்டினார், ஒவ்வொரு சொல்லையும் உரக்க முழங்கினார். திண்ணையில் அமர்ந்திருந்த சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். "ஏன் ஐயா யாருமே பயப்படவில்லை?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு விடை தேடத் தொல்காப்பியத்திலிருந்தே தொடங்கலாம்.

அச்சமும் பெருமிதமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார் என்பதை முன்வகுப்புகளில் கற்றிருப்பீர்கள். ஒவ்வொரு மெய்ப்பாடும் எவற்றின் வழியாகப் பிறக்கும் என்பதையும் அவர் நான்கு நான்காகச் சொல்கிறார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பெருமிதம் பிறக்கும் இடங்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை. வெகுளி பிறக்கும் இடங்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை.

குற்றக்கும்பல் தலைவனை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? சட்டத்தின் கண்ணுக்கு அவன் கள்வன். தன் தெருவுக்கோ அவன் வழக்குத் தீர்க்கும் இறை. கள்வர், இறை ஆகிய இரண்டு அச்சங்களும் ஒரே ஆளிடம் கூடியிருக்கின்றன. அத்துடன் அவனிடம் அஞ்சாமை இருக்கிறது. அள்ளிக் கொடுக்கும் கையும் இருக்கிறது. ஆகவே அச்சம் மெல்லப் பெருமிதமாக மாறிவிடுகிறது. அவன் செய்யும் கொலை நம் உள்ளத்தில் வெகுளியை எழுப்ப வேண்டும். ஆனால் பெருமிதம் முன்னே நின்று அதை மறைத்துவிடுகிறது. இவ்வகைக் கதையின் கவர்ச்சியும் இடரும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. நடிகரின் முகம் பார்வையாளர் உள்ளத்தில் எந்த மெய்ப்பாட்டை முதலில் எழுப்புகிறது என்பதைப் பொறுத்தே கதை எப்பக்கம் சாயும் என்பது அமையும்.

கபடி மாணவரின் கேள்விக்கு வருவோம். அஞ்சத்தக்கவன் உரக்கப் பேச வேண்டியதில்லை. அவன் வரும்போது பிறர் பேச்சை நிறுத்தினால் போதும். அச்சம் அவன் கண்ணில் தெரிய வேண்டும் என்பதைவிட, அவனைக் காண்பவரின் கண்ணில் தெரிய வேண்டும். மேடையில் இருந்த மற்ற எழுவரும் அவர் முழங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றனர். திண்ணைச் சிறுவர்களும் அதையே செய்தனர்.

'நாயகன்': ஒரு முகத்தில் ஒரு வாழ்நாள்

தமிழில் இவ்வகைப் படங்களுக்கு அளவுகோலாக அமைந்தது மணிரத்னம் இயக்கிய 'நாயகன்'. 1987ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்தது. தூத்துக்குடியில் காவலரால் தந்தையை இழந்த சிறுவன் பம்பாய்க்கு ஓடி, தாராவியில் வளர்ந்து, வேலு நாயக்கர் என்னும் நிழலுலகத் தலைவனாகி, முதுமையில் சுடப்பட்டு இறக்கும் வரை கதை நீள்கிறது. பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையிலிருந்து இப்படத்திற்கு ஊக்கம் கிடைத்தது. படம் வெளிவந்தபோது அவர் உயிருடன் இருந்தார். 1988இல் சென்னையில் மறைந்தார்.

சிறுவன் வேலுவாக ஒருவர் நடித்தார். இளமை முதல் முதுமை வரை நடித்தவர் கமல்ஹாசன். படம் வெளிவந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. பேரனைப் பெற்ற முதியவரையும் அவரே ஏற்றார். நரைத்த தலையை ஒப்பனை தரும்; ஆனால் நாற்காலியில் அமர்வதற்கு முன் ஒரு நொடி தயங்கும் உடலை ஒப்பனை தராது. அது நடிகர் தேட வேண்டியது.

மேலைநாட்டில் இதே சிக்கலை வேறு வழியிலும் தீர்த்திருக்கிறார்கள். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் முதிய தலைவராக மார்லன் பிராண்டோ நடித்தார். அவரைப் படநிறுவனம் முதலில் விரும்பவில்லை. மகனாக நடித்த அல் பசீனோ அன்று பெரிதும் அறியப்படாதவர்; அவரையும் நிறுவனம் எதிர்த்தது. இயக்குநர் பிடிவாதமாக நின்றார். 1974இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே தலைவரின் இளமைப் பருவத்தை ராபர்ட் டி நீரோ ஏற்றார். ஒரே பாத்திரத்திற்காக இருவரும் ஆஸ்கர் விருது பெற்றனர். இரண்டு நடிகர், ஒரு பாத்திரம் என்பது அவர்கள் வழி. ஒரு நடிகர், மூன்று பருவம் என்பது மணிரத்னத்தின் வழி. பின்னதில் ஓர் ஆதாயம் உண்டு. இளைஞன் வேலுவைக் கண்ட அதே கண்களால் முதியவரையும் காண்கிறோம். அவர் இழந்தவை நமக்கும் நினைவில் இருக்கின்றன.

ஆனால் 'நாயகன்' நாயகனால் மட்டும் நிற்கும் படம் அன்று. சுற்றியுள்ளோரைப் பாருங்கள். அனாதைச் சிறுவனுக்கு அடைக்கலம் தரும் முதிய இசுலாமியராக எம். வி. வாசுதேவ ராவ் வருகிறார். 'சோமன துடி' (1975) என்னும் கன்னடப் படத்தில் நிலமற்ற ஒடுக்கப்பட்ட உழவராக நடித்துத் தேசிய விருது பெற்றவர் அவர். அந்த வறிய முகத்தின் கனிவே வேலு பெறும் முதல் கல்வியாகிறது. டெல்லி கணேஷ் நாடக மேடையிலிருந்து வந்தவர். நம்பிக்கைக்குரிய ஐயராக அமைதியாக நிற்கிறார். வேலுவின் மனைவி நீலாவாக வருபவர் சரண்யா; அவருக்கு இதுவே முதல் படம். விலைமகளிர் விடுதியில், மறுநாள் கணக்குத் தேர்வு இருப்பதாகச் சொல்லும் பள்ளிச் சிறுமியாக அவர் அறிமுகமாகிறார். நன்கு அறிமுகமான நடிகை ஒருவர் அங்கு அமர்ந்திருந்தால், 'இவர் நடிக்கிறார்' என்ற எண்ணம் நமக்கு வந்திருக்கும். முன்பின் காணாத முகம் என்பதால் அந்தத் தேர்வைக் குறித்து நாமும் கவலைப்படுகிறோம்.

தோட்டா தரணி, தாராவியின் சந்துகளைச் சென்னையில் அரங்கமாக எழுப்பினார். பி. சி. ஸ்ரீராம் அதன்மேல் மழையையும் மங்கிய ஒளியையும் படரவிட்டார். கமல்ஹாசனோடு இவ்விருவரும் தேசிய விருது பெற்றனர். குனிந்து நுழைய வேண்டிய வாயிலும் முழங்கை இடிக்கும் சுவரும் நடிகரின் நடையையே மாற்றும் என்பதைக் களஅமைப்பாளர் நன்கு அறிவார்.

இனி இப்படத்தின் அடிப்படைச் சிக்கலுக்கு வருவோம். மக்கள் விரும்பும் உச்ச நடிகர் ஒருவரைக் கொலைகாரத் தலைவனாக அமர்த்தினால், மக்களின் அன்பும் அவரோடு சேர்ந்து கதைக்குள் வந்துவிடும். பெருமிதம் கொலையை விழுங்கிவிடும். படைப்பாளர் இதை அறியாதவர் அல்லர். எனவே மன்னிக்க மறுக்கும் பாத்திரங்களையும் அவர் படைத்தார். உடன்பிறந்தவன் இறந்தபின் தந்தையை நேருக்கு நேர் கேள்வி கேட்டு வீட்டைவிட்டு வெளியேறும் மகள் சாருமதி ஒருத்தி. வேலு அடித்துக் கொன்ற காவல் ஆய்வாளரின் மகன் மற்றொருவன். மனவளர்ச்சி குன்றிய அவனையும் அவன் தாயையும் வேலு காப்பாற்றுகிறார். கொடையால் கொலையைக் கழுவப் பார்க்கிறார். வளர்ந்த அந்த மகனாக நடித்தவர் இந்தித் திரைப்பட இயக்குநர் டினு ஆனந்த். நீதிமன்றம் விடுவித்த வேலுவை நீதிமன்ற வாயிலில் சுடுபவன் அவனே. பேரன் வந்து, தாத்தா நல்லவரா கெட்டவரா என்று வினவும்போது தெரியவில்லை என்கிறார் அவர். அந்த விடை நேர்மையாக ஒலிப்பதற்குச் சாருமதியும் அந்த மகனும் முன்னரே கதைக்குள் வந்துவிட்டதே காரணம். அவர்கள் இருந்தும்கூட, அரங்கை விட்டு வெளியேறியோர் பலர் தலைவனை மட்டுமே தம்மோடு எடுத்துச் சென்றனர் என்பது என் கருத்து. நானும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் வெளியே வந்தேன்.

சிரிக்க வைத்தவரின் கத்தி

வேலுவின் உற்ற தோழர் செல்வமாக நடித்தவர் ஜனகராஜ். நகைச்சுவை நடிகராகவே மக்கள் அறிந்த முகம். நம்மைச் சிரிக்க வைத்தவரை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை செல்வத்தின் உண்மையான தோழமைக்கு உரம் சேர்க்கிறது.

இருபத்தோராண்டுகள் கழித்து, இதே உத்தியை ஒருவர் தலைகீழாகத் திருப்பினார். 2008 சூலையில் வெளிவந்த 'சுப்பிரமணியபுரம்' படத்தை எழுதி இயக்கியவர் எம். சசிகுமார். 1980ஆம் ஆண்டின் மதுரையில் கதை நிகழ்கிறது. வேலையின்றித் திரியும் இளைஞர்களை அரசியல் குடும்பம் ஒன்று கொலைக்குப் பயன்படுத்திக்கொண்டு கைவிடுகிறது. அந்த நண்பர் கூட்டத்தில் காசி என்பவனாக நடித்தவர் கஞ்சா கருப்பு. அவரும் நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவர்; படத்தின் முற்பாதியில் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறார். இறுதியில் பணத்திற்காக நண்பனைக் காட்டிக்கொடுப்பவன் அவனே. வில்லன் முகம் கொண்ட ஒருவர் இதைச் செய்திருந்தால் நாம் முன்னரே எதிர்பார்த்திருப்போம். இங்கு நண்பன் ஏமாறுவதுபோலவே நாமும் ஏமாறுகிறோம். அந்தக் காட்சியில் எழும் வலிக்குப் பாதிக் காரணம் நடிகர் தேர்வு.

இப்படத்தில் உச்ச நடிகர் எவரும் இல்லை. ஜெய், சுவாதி ஆகியோர் இளையவர்கள். பரமனாக நடித்தவர் இயக்குநரே. இளைஞர்களைத் தூண்டிவிட்டு நழுவும் கனகுவாக வந்த சமுத்திரக்கனியும் இயக்குநர்தான். முகத்தோடு எந்தப் புகழும் ஒட்டிக்கொண்டு வராததால் கொலை கொலையாகவே தெரிகிறது. தொல்காப்பியர் வகுத்தபடி சொன்னால், பெருமிதத்தில் தொடங்கி இளிவரலில் முடிகிறது. 'நாயகன்' பெரிய படம் என்பதில் ஐயமில்லை. எனினும், பதினேழு வயது மாணவர் ஒருவர் கத்தியைக் குறித்து என்ன எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார் என்று கேட்டால், நான் 'சுப்பிரமணியபுரம்' பக்கமே நிற்பேன். நீங்கள் மறுக்கலாம்.

இயக்குநர்களை நடிகராக்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018) படத்தில் அமீர், சமுத்திரக்கனி, சுப்பிரமணியம் சிவா மூவரும் நடித்திருக்கின்றனர்.

தெரியுமா?

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் (1867 – 1922) தொடக்கத்தில் எமன், இராவணன், சனீசுவரன் முதலிய வேடங்களை ஏற்றவர். நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடம் கலைக்கச் சென்றபோது, அவரைக் கண்டு கருவுற்ற பெண் ஒருவர் அதிர்ச்சியுற்றுப் பாதிக்கப்பட்டார் என்றும், அதன்பின் அவர் வேடமேற்பதையே கைவிட்டு ஆசிரியராகவே இருந்தார் என்றும் அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். நளனின் துயர் நீங்கிய தலமாகக் கருதப்படும் திருநள்ளாறு காரைக்கால் பகுதியிலேயே உள்ளது. சுவாமிகள் மறைந்தது புதுச்சேரியில்.

கை மறக்காத பழக்கம்

மீண்டும் விழிதியூர். முழங்குவதைக் கபடி மாணவர் நிறுத்தினார். மற்ற எழுவருக்கும் ஒரே ஒரு பயிற்சி தரப்பட்டது: தலைவன் உள்ளே வந்தால் கையில் உள்ள வேலையை நிறுத்த வேண்டும். திண்ணையில் சிரிப்பு அடங்கியது. ஆனால் வேறொரு குறை தென்பட்டது. காத்திருக்கும் காட்சிகளில் ஒவ்வொருவரின் கையும் தாமாகவே சட்டைப்பைக்குச் சென்று திரும்பின. கைப்பேசிக்குப் பழகிய கை! 1952இல் ஒருவன் காத்திருந்தால் காத்துத்தான் இருந்தான். வேட்டி மடியை அவிழ்த்து வெற்றிலையை எடுப்பான்; மீண்டும் முடிவான்; ஆற்றைப் பார்ப்பான். பழைய உடையை வாடகைக்கு எடுத்துவிடலாம். பழைய காலத்தின் பொறுமையை உடலில் ஏற்றுவதற்கு நாள்கள் ஆகும்.

மொழியும் அவ்வாறே. காரைக்கால் முதியோர் நகராட்சி அலுவலகத்தை 'மேரி' என்பர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைச் 'சொல்தா' என்பர். இரண்டும் பிரெஞ்சுச் சொற்கள். இவற்றுள் ஒன்று உரையாடலில் இயல்பாக விழுந்தாலே போதும், எழுபது ஆண்டுகள் பின்னே சென்றுவிடலாம். அளவு மீறினால் அகராதி படிப்பது போலாகும். மாணவர்களின் முதல் படியில் ஒரே பக்கத்தில் ஒன்பது இடங்களில் 'மேரி' இருந்தது.

இச்சொற்களைச் சரிபார்க்க அவர்கள் தெருக்கோடியில் இருந்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தனர். எண்பதைக் கடந்தவர். கட்டிலில் அமர்ந்து நாடகம் முழுவதையும் கேட்டார். தலைவன் இரவில் ஏழைக் குடிசைகளுக்கு அரிசி மூட்டை அனுப்பும் காட்சி முடிந்ததும் கேட்டார்:

"அவன நல்லவன்னு முடிக்கப் போறீங்களா, தம்பி?"

யாரும் பேசவில்லை.

"எங்க அண்ணன் அந்த மாதிரி ஒருத்தனுக்கு மூட்ட தூக்குனவன். ஒரு ராத்திரி சுங்கத்துக்காரன் தொரத்த, ஆத்துல விழுந்தான். மூணாம் நாள்தான் கெடச்சான். எங்க அம்மா அவன் வீட்டு வாசல்ல போயி நின்னுச்சு. கதவு தொறக்கல. அவன் குடுத்தத நீங்க எழுதியிருக்கீங்க. இத யாரு எழுதுறது?"

ஐயாவின் அண்ணன் பெயரை நாடகத்தில் வைக்கலாமா என்று கபடி மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றார் அவர். பெயர் வேண்டாம், வாசல் மட்டும் போதும் என்றார்.

அன்றிரவே நாடகம் திருத்தப்பட்டது. தாய் என்னும் புதிய பாத்திரம் உருவாயிற்று. அதை ஏற்றவர், அதுவரை கணக்கு எழுதவும் உடைகளை எண்ணி வைக்கவும் மட்டுமே வந்துகொண்டிருந்த ஒரு மாணவி. குரல் சிறியது, மேடை ஏறியதே இல்லை. அவரைத் தெரிவுசெய்யலாம் என்று முதலில் சொன்னவர் கபடி மாணவர்தாம். தம் முழக்கத்திற்குச் சிரித்த கூட்டத்தில் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே என்பது காரணம்.

பொங்கல் இரவில் அந்தக் காட்சிக்கு உரையாடலே இல்லை. மேடையின் ஒரு பக்கம் கதவு. மறுபக்கம் முந்தானையைப் பிடித்தபடி தாய். கதவுக்குப் பின்னால் தலைவன் நிற்கிறான் என்பது பார்வையாளருக்குத் தெரியும். அவன் நிழல் திரையில் விழுந்திருந்தது. அவர் தட்டினார். நிழல் அசைந்தது, திறக்கவில்லை. மீண்டும் தட்டினார். முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து முதியவர் மெல்ல எழுந்து நின்றார். காட்சி முடியும் வரை அவர் உட்காரவில்லை.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் கண்ட திரைப்படம் ஒன்றில், நகைச்சுவை நடிகர் ஒருவர் வேறுவகை வேடம் ஏற்றதைக் குறிப்பிட்டு, அத்தேர்வு கதைக்கு எவ்வாறு உதவியது என்று எழுதுக.

2. உங்கள் ஊரில் எழுபது ஆண்டுகளுக்கு முன் வழங்கி இன்று மறைந்துவரும் சொற்கள் ஐந்தினை முதியோரிடம் கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றை மட்டும் பயன்படுத்தி ஒரு பக்க உரையாடல் அமைக்க.

3. 'நாயகன்' கதையைச் சாருமதியின் நோக்கில் கூறுவதாயின் எக்காட்சியிலிருந்து தொடங்குவீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.